பைக் கேமரா லென்ஸில் ஆவி படிவதை எப்படித் தடுப்பது?

கேள்வி இதுதான்: ஹேண்டில்பாரில் ஒரு கேமரா, வாட்டர்ப்ரூஃப் கேஸுக்குள். அதிகாலையிலோ மழையிலோ ஓட்டினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் லென்ஸ் மங்கிவிடுகிறது. ஆவி உறிஞ்சும் பட்டை வைத்துப் பார்த்தாயிற்று, ஸ்ப்ரே அடித்தும் பார்த்தாயிற்று, ஒருநாள் சரியாக இருக்கிறது, மறுநாள் பழையபடி. கேஸில் ஓட்டை இருக்கிறதா, கேமராவே மோசமா, வேறு வாங்க வேண்டுமா?

அனேகமாக இரண்டுமே இல்லை. இதே சிக்கலோடு நான் பல மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு மலைப்பாதையில் விடியற்காலையில் இறங்கியபோது எடுத்த நாற்பது நிமிட வீடியோ முழுக்க, பாலில் தண்ணீர் கலந்து ஊற்றியது போல வெள்ளையாக வந்தது. திரும்பக் கிடைக்காத காட்சி அது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், இந்தத் தண்ணீர் எவ்வளவு, எங்கிருந்து வருகிறது என்று. அந்தக் கணக்குத்தான் எனக்கு வழி காட்டியது, அதனால் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஆவி வெளியே படிகிறதா உள்ளே படிகிறதா என்று பாருங்கள். விரலைத் துணியில் சுற்றி லென்ஸ் கண்ணாடியின் வெளிப்பக்கத்தை ஒரு இழுப்பு இழுங்கள். கோடு விழுந்தால் வெளியே, எதுவும் மாறவில்லை என்றால் உள்ளே. சந்தேகம் இருந்தால் கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடியுங்கள், எந்தப் பரப்பில் பொடிப்பொடியாக மின்னுகிறது என்று தெரிந்துவிடும். உள்ளே படியும் ஆவி பெரும்பாலும் கண்ணாடியின் நடுவில் ஒரு வட்டமாகத் தொடங்கி விளிம்பை நோக்கிப் பரவும், ஏனென்றால் விளிம்பு பிளாஸ்டிக்கை ஒட்டிக் கொஞ்சம் சூடாக இருக்கும், நடுப்பகுதிதான் காற்று பட்டுக் குளிர்ந்து கிடக்கும். பின்பக்கக் கேமராவில் பலர் ஆவி என்று நினைப்பது ஆவியே இல்லை, பின்சக்கரம் அள்ளி வீசும் சேற்றுத்தண்ணீர். அதற்கு மட்கார்டை நீட்டுவதும் கேமராவைக் கொஞ்சம் மேலே ஏற்றுவதும்தான் மருந்து.

வெளியே படிவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஏசி அறையில் குளிர்ந்த கேமராவை வெளியே புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் உடனே வேர்க்கும், குளிர்ந்த செம்பு வேர்ப்பது போல. கேமரா வெளிச்சூட்டுக்கு வந்ததும் தானாகப் போய்விடும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அமுக்கி மூடி, வெளியே வைத்துவிடுங்கள். வேர்ப்பதெல்லாம் பையின் மேலே வேர்க்கும், கேமரா காய்ந்தபடியே சூடாகும். மலை உச்சியின் குளிரிலிருந்து புழுக்கமான அடிவாரத்துக்கு இறங்கும்போதும் இதே கதை நடக்கும், அங்கே பை எல்லாம் வேண்டாம், ஓடுகிற காற்றே கொஞ்ச நேரத்தில் காய வைத்துவிடும்.

உண்மையான தொல்லை உள்ளே படிவதுதான்.

காற்று எவ்வளவு ஆவியைத் தாங்கும் என்பது அதன் சூட்டைப் பொறுத்தது. 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் அளவுக்குத் தண்ணீரை ஆவியாக வைத்திருக்கும், 20 டிகிரியில் 17 கிராம், 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம், 0 டிகிரியில் 5 கிராம் கூட இல்லை. எந்தச் சூட்டுக்குக் கீழே போனால் காற்றில் இருக்கும் ஆவி தண்ணீராகத் தொடங்குமோ அதைப் பனிநிலை என்பார்கள். 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றுக்குப் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. அதாவது கண்ணாடி வெறும் நான்கு டிகிரி குளிர்ந்தால் போதும், ஆவி படியத் தொடங்கும்.

பைக்கில் இந்த நான்கு டிகிரி வித்தியாசம் எப்போதும் தயாராக இருக்கிறது. கேமரா வேலை செய்யும்போது உள்ளே சூடாகிறது, 4கே வீடியோ எடுத்தால் கையில் பிடிக்க முடியாத அளவுக்குக் கூட. ஆனால் முன்கண்ணாடி மீது மணிக்கு அறுபது எண்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது. சிக்னலில் நிற்கும்போது உள்காற்று நன்றாகச் சூடேறி, பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் ஒட்டியிருந்த ஈரத்தையெல்லாம் வாங்கிக்கொள்கிறது, பச்சை விழுந்து கிளம்பியதும் கண்ணாடி குளிர்ந்து அத்தனையும் அங்கே வந்து படிகிறது. அதனால்தான் வீட்டில் மேசை மேல் வைத்துச் சோதித்தால் ஒன்றுமே நடக்காது, சாலையில் மட்டும் மங்கும்.

சரி, உள்ளே எவ்வளவு தண்ணீர்? கேமரா போக கேஸுக்குள் 100 மில்லி காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், நிஜத்தில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மேலே சொன்ன 30 டிகிரி, 80 சதவீதக் காற்று என்றால் அதில் ஏறக்குறைய 2.4 மில்லிகிராம் ஆவி இருக்கும். 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதில் 0.7 மில்லிகிராம் தண்ணீராகும். லென்ஸ் முழுவதையும் மங்கடிக்க அதுவே போதும் என்பது உண்மைதான், ஆனால் நீங்கள் வைக்கும் உறிஞ்சு பட்டை இந்த அளவை எளிதாக விழுங்கிவிடும். அப்புறமும் ஏன் மங்குகிறது?

ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 50 மில்லிகிராம். மழையில் நின்று பேட்டரி மாற்றும்போது விரலிலிருந்தோ ஹெல்மெட் ஓரத்திலிருந்தோ உள்ளே விழும் ஒரே ஒரு சொட்டு, அந்தக் கேஸ் காற்றில் இருக்கும் மொத்த ஆவியைப் போல இருபது மடங்கு. கதவின் ரப்பர் வளையத்து இடுக்கில், பட்டனின் அடியில், கேமராவின் பேட்டரி மூடி ஓரத்தில் அரைச் சொட்டு ஒளிந்திருந்தாலும் எந்தப் பட்டையும் ஈடு கொடுக்காது.

இதைவிட நான் எதிர்பார்க்காத ஒன்று, பிளாஸ்டிக்கே ஈரம் குடிக்கும் என்பது. இந்தக் கேஸ்கள் பெரும்பாலும் பாலிகார்பனேட்டில் செய்தவை. அது சாதாரண அறை ஈரப்பதத்திலேயே தன் எடையில் ஏறக்குறைய 0.15 சதவீதம் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும், தண்ணீரிலேயே கிடந்தால் 0.3 சதவீதத்துக்கு மேலும் போகும். 40 கிராம் கேஸ் என்றால் 60 மில்லிகிராம். பார்ப்பதற்குக் காய்ந்து பளபளவென்று இருக்கும், தடவினாலும் ஈரம் தெரியாது. உள்ளே கேமரா சூடாக ஆரம்பித்ததும் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு மெல்ல மெல்ல உள்காற்றுக்குள் கசியும். நைலான் பாகங்கள் இதைவிட அதிகம் குடிக்கும். நீங்கள் அடைத்து வைத்த காற்று எவ்வளவு காய்ந்ததாக இருந்தாலும், சுவரே ஈரம் விட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்ய முடியும்? ஒருநாள் நன்றாக இருந்து மறுநாள் மங்குவதன் காரணம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. முந்தின நாள் மழையில் நனைந்த கேஸ், துடைத்து வைத்தாலும், மறுநாள் காலையில் காய்ந்த கேஸ் அல்ல.

அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்று: காற்றைக் காய வைக்கப் பார்க்காதீர்கள், கேஸையும் கேமராவையும் காய வைத்துவிடுங்கள். சாலையில் செய்யும் எந்த வித்தையையும் விட முந்தின இரவு வீட்டில் செய்யும் இந்த வேலை அதிகம் கொடுக்கும்.

காற்றுப்புகாத மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் நூறு, நூற்றைம்பது கிராம் சிலிக்கா ஜெல், அதாவது ஈரத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன மணிகள். கேஸைத் திறந்து, உறிஞ்சு பட்டைகளையும் பக்கத்திலேயே போட்டு, கேமராவின் பேட்டரி மூடியைத் திறந்து வைத்து, எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடுங்கள். ஒரு இரவு வைத்தால் பிளாஸ்டிக்கின் மேல் அடுக்கு காயும், நன்றாகவே வித்தியாசம் தெரியும். உள்வரை காய இரண்டு மூன்று நாள் ஆகும், ஈரம் பிளாஸ்டிக்கை விட்டு வெளியேற அவ்வளவு மெதுவாகத்தான் நகர்கிறது. என் கேமரா ஓட்டாத நாளெல்லாம் அந்த டப்பாவில்தான் இருக்கிறது, அலமாரியில் வைப்பதே இல்லை. டப்பாவுக்குள் ஒரு சின்ன ஈரப்பதமானி போட்டு வைத்தால் இன்னும் நல்லது. 20 சதவீதத்துக்குக் கீழே காட்டுகிற வரை ஜெல் வேலை செய்கிறது, 40ஐத் தாண்டினால் ஜெல்லைக் காய வைக்கும் நேரம் வந்துவிட்டது. ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழையபடி ஆகிவிடும். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நீலம் இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது உடம்புக்கு ஆகாத பொருள், சமைக்கிற ஓவனுக்குள் அதை வைக்கவே கூடாது.

அடுத்தது, கேஸை எங்கே மூடுகிறீர்கள் என்பது. மூடும் இடத்துக் காற்றைத்தான் நாள் முழுவதும் சுமக்கப் போகிறீர்கள். வெப்பமான, புழுக்கமான ஊரென்றால் ஏசி அறையில் மூடுங்கள். 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக்காற்றின் பனிநிலை 13 டிகிரிதான், கண்ணாடி அதற்குக் கீழே குளிர்ந்தால்தான் ஆவி படியும், வெளியே புழுக்கத்தில் அது நடக்காது. கடுங்குளிர் பிரதேசத்தில் இது அப்படியே தலைகீழ். வீட்டுக்குள் கணப்புச் சூட்டில் 22 டிகிரியில் மூடினால் அந்தக் காற்றின் பனிநிலை 9, 10 டிகிரி இருக்கும், வெளியே 3 டிகிரியில் ஓட்டினால் உடனே மங்கும். அங்கே கேஸைத் திறந்தபடியே வெளியே கொண்டுபோய், சில நிமிடம் குளிர்காற்று படவிட்டு, அங்கேயே மூட வேண்டும். குளிர்காற்றில் ஈரப்பதம் தொண்ணூறு சதவீதம் என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம், 5 டிகிரியில் தொண்ணூறு சதவீதம் என்பது கனமீட்டருக்கு 6 கிராம்தான். மூடும்போது கேஸுக்குள் வாயால் ஊதித் தூசி தட்டாதீர்கள், மூச்சுக்காற்று முழுக்க முழுக்க ஈரம். ரப்பர் பந்து ஊதுகுழல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய கை நன்றாகக் காயும் வரை பொறுங்கள்.

உறிஞ்சு பட்டை பற்றி ஒரு வார்த்தை. அது வேலை செய்யும், ஆனால் பாக்கெட்டைப் பிரித்துப் பையில் போட்டு நான்கு நாள் கழித்து எடுத்து வைத்தால் அது ஏற்கெனவே வயிறு நிரம்பிய பட்டை. வைக்கும் முந்தின நிமிடம் வரை காய்ந்த டப்பாவில் இருக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு வைப்பதில் தப்பில்லை, கதவு ரப்பரில் மட்டும் அதன் ஓரம் சிக்கக் கூடாது. அப்படிச் சிக்கினால் ஆவியைத் தடுக்க வைத்த பட்டையே மழைத்தண்ணீரை உள்ளே இழுத்துவிடும், எனக்கு அப்படி ஆகியிருக்கிறது.

இனி, மழையே இல்லாத நாளில் அந்த வாட்டர்ப்ரூஃப் கேஸை எதற்காகப் போடுகிறீர்கள்? கோப்ரோ கம்பெனிக் கேமராக்களின் பழைய கேஸ்களுக்குப் பின்கதவு மாற்றிக்கொள்ளலாம், துளைகள் வைத்த எலும்புக்கூடு போன்ற கதவு ஒன்றும் உண்டு. அதைப் போட்டால் உள்ளும் வெளியும் ஒரே காற்று, ஒரே சூடு, ஆவி படியக் காரணமே இல்லை. ஒலியும் தெளிவாக வரும், கேமராவும் அவ்வளவு சூடாகாது. எல்லா வழிகளிலும் நிச்சயமான வழி எது என்று கேட்டால் இதுதான். 2016இல் வந்த கோப்ரோ ஹீரோ5 மாடல் முதல் கேஸ் இல்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும்படி செய்துவிட்டார்கள், அந்த மாதிரிக் கேமரா என்றால் மழைக்கும் கேஸ் வேண்டாம், வெறும் ஃப்ரேமில் மாட்டினாலே போதும். கேமராவின் சொந்தச் சூடு நேராக முன்கண்ணாடிக்குப் போகும், இடையில் காற்று அறை இல்லை, அதனால் மங்குவது வெகுவாகக் குறையும்.

ஆனால் கேஸ் இல்லாத கேமராவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. பைக்கில் நாள் முழுக்கப் பதிவு செய்பவர்கள் யூஎஸ்பி வயர் செருகி ஓட்டுகிறார்கள், அதற்குப் பக்கக் கதவைத் திறந்தோ துளையுள்ள கதவு போட்டோ வைத்திருப்பார்கள். அந்த நிமிடமே அது வாட்டர்ப்ரூஃப் இல்லை. மழைத்தூறல் வயர் வழியாக வழிந்து உள்ளே போகும், மறுநாள் லென்ஸுக்கும் அதை மூடிக் காக்கும் மேல்கண்ணாடிக்கும் நடுவே ஆவி நிற்கும். வயர் செருகியே ஆக வேண்டுமென்றால் கேமராவுக்குக் கீழே வயரைத் தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுங்கள், வழிகிற தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிப் போகும். மழை வருவதற்குள் வயரைப் பிடுங்கிக் கதவைப் பூட்டிவிடுவது அதைவிட நல்லது.

மேல்கண்ணாடி கழற்ற முடிகிற மாடல் என்றால் அதைக் கழற்றி, காய்ந்த டப்பாவில் இரண்டு நாள் வைத்து, ஏசி அறையில் திரும்ப மாட்டுங்கள். ஹீரோ8இல் கழற்ற முடியாது, ஹீரோ9இல் மறுபடி கழற்றும்படி கொண்டுவந்தார்கள். மாட்டும்போது ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி இருந்தாலும் போயிற்று. வெளிச்சத்தில் பிடித்து முழு வட்டத்தையும் பார்த்த பிறகே மாட்டுங்கள். பலர் வளையத்துக்கு சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்வார்கள். வளையமே சிலிக்கான் ரப்பராக இருந்தால் அந்தக் கிரீஸ் அதை ஊதிப் பருக்க வைக்கும், பிறகு பள்ளத்தில் சரியாக உட்காராது. தயாரிப்பாளர் கிரீஸ் தடவச் சொல்லியிருந்தால் ஒழிய எதையும் தடவாமல் விடுங்கள்.

கேஸில் ஓட்டை இருக்கிறதா என்ற சந்தேகத்தைத் தீர்க்கச் சுலபமான சோதனை உண்டு. கேமராவை எடுத்துவிட்டு ஒரு டிஷ்யூ காகிதத்தை மடித்து உள்ளே வைத்து மூடி, ஒரு வாளித் தண்ணீரில் கல் கட்டி அரை மணி அமுக்கி வையுங்கள். எடுத்து, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். காகிதத்தில் எந்த மூலை ஈரமோ அங்கேதான் கசிவு. காகிதம் காய்ந்திருந்தால் கேஸைக் குறை சொல்ல வேண்டாம்.

மழையில் நனைந்தால் கண்ணாடி குளிர்ந்துதானே போகும், மங்காமல் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். ஈரமான கண்ணாடி மீது காற்றடித்தால் அது குளிரும், ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் நனைந்த கண்ணாடி ஏறக்குறைய 24 டிகிரி வரைதான் இறங்கும், அந்தக் காற்றின் பனிநிலையோ 21ஐ ஒட்டி இருக்கும். ஆவியாவதால் மட்டும் வரும் குளிர்ச்சி ஒருபோதும் வெளிக்காற்றின் பனிநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. அப்படியானால் உள்ளே இருப்பது வெளியே இருக்கும் அதே காற்று என்றால் நனைந்ததால் மட்டும் மங்கக் கூடாது. மங்குகிறது என்றால் உள்ளே அதிகப்படித் தண்ணீர் இருக்கிறது, இல்லாவிட்டால் மழையோடு சேர்ந்து ஊரே குளிர்ந்திருக்கிறது. கோடை மழையில் இரண்டாவதும் நடக்கும், பத்து நிமிடத்தில் எட்டுப் பத்து டிகிரி இறங்கிவிடும். காலையில் காய்ந்த காற்றோடு மூடிய கேஸ் அதையும் தாங்கும்.

இப்போது ஸ்ப்ரேக்கள். ஆவித்தடுப்பு ஸ்ப்ரே தண்ணீரை விரட்டுவதில்லை, அதைத் தட்டையாகப் பரப்புகிறது. பொடிப்பொடிச் சொட்டாக நின்றால்தான் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரியும், படலமாகப் பரவினால் ஊடுருவிப் பார்க்கலாம். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி தடவி, காய்ந்த மென்துணியால் தடமே தெரியாதபடி துடைத்தெடுத்தாலும் இதே வேலையைச் செய்யும். உள்பக்கத்தில் மட்டும், கேஸ் கண்ணாடியில் மட்டும். கேமராவின் லென்ஸில் நேரடியாக எதையும் தடவாதீர்கள், அதன் பூச்சு போய்விடும். உள்ளே தண்ணீர் அதிகமிருந்தால் படலம் தடித்து, படம் அலையலையாக நெளியும், ஆகவே இது காய வைப்பதற்குப் பதில் அல்ல, கூடத் துணைக்குத்தான். மழைத்தண்ணீர் ஓட வைக்கும் பூச்சு இதற்கு நேர் எதிர், தண்ணீரை உருண்டையாக்கி உருட்டிவிடும். அது வெளிப்பக்கத்துக்கு நல்லது, உள்ளே தடவினால் ஆவி சொட்டுச் சொட்டாக நின்று இன்னும் மோசமாகும். இரண்டையும் மாற்றித் தடவிவிட்டு ‘எந்த ஸ்ப்ரேயும் உதவாது’ என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காரின் கண்ணாடிக்கென்று செய்த பூச்சைப் பிளாஸ்டிக் லென்ஸில் தடவ வேண்டாம், சில வகை பிளாஸ்டிக்கை வெளிறச் செய்யும்.

பைக்கிலேயே நிரந்தரமாகப் பொருத்தும் டேஷ்கேம் வேறு ரகம். அதைத் திறந்து காய வைக்க முடியாது. ஐபி67 என்று போட்டிருக்கும், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். அசையாத தண்ணீரில். பீய்ச்சி அடிக்கும் தண்ணீர் வேறு சோதனை, அதற்கு ஐபி66 என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும், உயர் அழுத்த வாட்டர்வாஷுக்கு ஐபி69. ஒன்றில் தேறினால் மற்றதில் தேறியதாகாது. வாட்டர்வாஷ் விடும்போது கேமராவின் பக்கம் குழாயைத் திருப்பவே விடாதீர்கள், ஒரு பாலித்தீன் பையைக் கட்டிவிட்டுக் கொடுங்கள்.

இந்த டேஷ்கேம்கள் மூச்சு விடுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். வெயிலில் நின்று உள்காற்று 50 டிகிரிக்குப் போகும்போது விரிந்து, சின்னச் சின்ன இடுக்கு வழியாக வெளியேறும். அப்போது திடீரென்று மழை பெய்து 25 டிகிரிக்கு இறங்கினால் உள்ளே அழுத்தம் எட்டு சதவீதம் போலக் குறையும். 80 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தது போன்ற அழுத்தம் அது, அதுவும் அந்த நேரம் பார்த்து வெளியே இடுக்கெல்லாம் மழைத்தண்ணீர் நிற்கிறது. உறிஞ்சிக்கொள்ளும். சூடான பைக்கைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவினாலும் இதேதான். 2000 மீட்டர் உயரம் ஏறி இறங்கினால் வெளிக்காற்றின் அழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு மாறும், மலை ஏறி வந்த பிறகு மங்க ஆரம்பித்த கேமராக்களுக்கு இது ஒரு காரணம். இதற்காகவே நல்ல டேஷ்கேம்களிலும் வண்டி ஹெட்லைட்டுகளிலும் சின்னதாக ஒரு சவ்வு வைப்பார்கள், காற்றையும் ஆவியையும் விடும், தண்ணீரை விடாது. 1969இல் அமெரிக்க இன்ஜினியர் பாப் கோர் கண்டுபிடித்த, இழுத்து விரித்த பிடிஎஃப்இ (டெஃப்லான்) பிளாஸ்டிக்தான் அந்தச் சவ்வு. உங்கள் டேஷ்கேமின் பின்பக்கத்திலோ அடியிலோ குண்டூசித் தலை அளவில் வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் அதைக் கசிவு என்று நினைத்து சிலிக்கான் வைத்து அடைத்துவிடாதீர்கள், அது மூச்சுத்துளை. சேறு அடைத்திருந்தால் ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள், ஊசி வைத்துக் குத்த வேண்டாம். உள்ளே மங்கிப்போன டேஷ்கேமை வாரண்டி இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள், திறந்து பார்த்தால் வாரண்டி போய்விடும்.

ஹெல்மெட்டின் தாடையில் கேமரா மாட்டுபவர்களுக்கு மூச்சுக்காற்று ஒரு தொல்லை. நிற்கும்போது தாடைத் துளை வழியாகவும் ஹெல்மெட்டின் அடியிலிருந்தும் வரும் மூச்சு நேராகக் கேமராவில் படும். தாடைக்கு அடியில் துணித்திரை ஒன்று போட்டு, மூக்கு மேல் மூச்சுத்தடுப்பு வைத்தால் குறையும். எப்படியும் அது வெளியே படிகிற ஆவி, கிளம்பிய சில நொடியில் போய்விடும், துடைத்துத் துடைத்துக் கண்ணாடியில் கீறல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இத்தனையும் செய்தும் குளிர்காலத்தில் மங்குகிறது என்றால் கடைசி வழி சூடாக்குவது. இரவில் தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பவர்கள் லென்ஸைச் சுற்றி ஒரு சூடுப்பட்டை கட்டுவார்கள், கண்ணாடியைச் சுற்றுச்சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி மேலே வைத்தால் பனி படியவே படியாது. பைக்கிலும் அதே. நான்கு 47 ஓம் ரெசிஸ்டர்களை (மின்தடைகளை) பக்க இணைப்பாக இணைத்து யூஎஸ்பியின் 5 வோல்ட் கொடுத்தால் மொத்தம் 2 வாட் சொச்சம் சூடு வரும், அரை ஆம்பியர் கூட இழுக்காது. ஒவ்வொன்றிலும் அரை வாட்டுக்குக் கொஞ்சம் மேலே வருவதால் ஒரு வாட் தாங்கும் ரெசிஸ்டராக வாங்குங்கள். கேஸின் லென்ஸ் கண்ணாடியைச் சுற்றி வெளியே, நான்கு பக்கமும் ஒவ்வொன்றாக, வெப்பம் தாங்கும் டேப்பில் ஒட்டி, மேலே தண்ணீர் படாதபடி சிலிக்கான் பூசிவிடலாம். மங்கிய பிறகு போடுவதை விட, கிளம்பும்போதே போட்டுவிடுவது நல்லது. கோடையில் இதைப் போடாதீர்கள், கேமரா சூடு தாங்காமல் அணைந்துவிடும்.

வழியில் மங்கிவிட்டால்? மழை பெய்யாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள், கேஸைத் திறந்து, காய்ந்த துணியால் கண்ணாடியின் உள்பக்கத்தையும் ரப்பர் இடுக்கையும் ஒற்றி எடுங்கள், கேமராவை ஓடவிட்டபடியே பத்து நிமிடம் காற்றில் வையுங்கள், புதுப் பட்டை ஒன்றை வைத்து மூடுங்கள். பக்கத்தில் ஏசி ஓடும் கார் இருந்தால் அதற்குள் செய்வது இன்னும் நல்லது. கேமராவின் லென்ஸுக்கு உள்ளேயே ஆவி தெரிந்தால் ஹேர்டிரையர் பிடிக்காதீர்கள், ஈரம் இன்னும் உள்ளே போகும், பேட்டரிக்கும் அந்தச் சூடு ஆகாது. அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், அரிசியிலேயே அதன் எடையில் பன்னிரண்டு பதிமூன்று சதவீதம் தண்ணீர் இருக்கிறது, உமித்தூசி வேறு போர்ட்டுக்குள் போகும். பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, எல்லாக் கதவையும் திறந்து, அந்தச் சிலிக்கா ஜெல் டப்பாவில் நான்கைந்து நாள் விட்டுவிடுங்கள். டார்ச் அடித்துப் பார்க்கும்போது ஆவி போய், அது இருந்த இடத்தில் வெள்ளைத் தடம் மட்டும் நின்றால் உள்ளே போனது வெறும் ஆவியல்ல, மழைத்தண்ணீரே. அதை இனி சர்வீஸில்தான் பிரித்துத் துடைக்க முடியும்.